நாட்டம் வற்றியதும் பெருகியதும்: அப்பச்சியின் நோய் எங்கள் வீட்டுக்குக் கற்பித்தவை

செட்டிநாட்டு வழக்கில் அப்பச்சி என்று நாங்கள் அழைக்கும் என் தகப்பனாருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மதுரையிலுள்ள நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்தபோது, பார்க்க வந்த பங்காளிகள், தாயபிள்ளைகள் எல்லோருடைய கண்ணும் அவருடைய வலக்கை நடுக்கத்தின் மேலேயே இருந்தது. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் எங்கள் குடும்பத்தை அலைக்கழித்தது அந்த நடுக்கம் இல்லை. முதலில் அவருக்கு எதிலும் நாட்டமே இல்லாமல் போயிற்று. பின்னர் ஒரு மாத்திரை புதிதாகச் சேர்க்கப்பட்டதும் அதே நாட்டம் கரைபுரண்டது. இரண்டு காலங்களிலும் ஊரார் அவருடைய குணத்தைப் பற்றித்தான் பேசினார்கள்; உடம்பைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிப்பவன். ஆசை, அச்சம், ஊக்கம் ஆகியவற்றுக்கு உடலில் வேர் உண்டு என்று கரும்பலகையில் எழுதிப் பழகியவன். அந்த வேர் பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டு முகப்பில், என் தகப்பனாரின் உடலில், எப்படியெல்லாம் வெளிப்பட்டது என்பதையும், அதைக் கொண்டு நாங்கள் அன்றாடத்தை எப்படி மாற்றியமைத்துக்கொண்டோம் என்பதையும், இந்நோய் உள்ளவரை வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நோயின் தொடக்கம் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முந்தையது. முகப்பில் உட்கார்ந்தபடியே, அடுப்படியில் கல்பாசி கருகுகிறதா, மராட்டி மொக்கு பதமாக வறுபட்டதா என்று வாசனையிலேயே கண்டுபிடித்துச் சொல்லும் மனிதர், ஒரு கட்டத்தில் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். மலச்சிக்கல் நீங்காமல் இருந்தது. தூக்கத்தில் கனவு கண்டு கத்துவதும், யாரையோ உதைப்பதுபோல் காலை வீசுவதும் வந்தன. ஆத்தா கட்டிலை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைகோ பிராக் 2003இல் வகுத்துக் காட்டிய நோய்ப்படிநிலைகளின்படி, இந்நோயில் நரம்புச் செல்களில் சேரும் புரதப் படிவுகள் பெரும்பாலும் முகர்வு நரம்புப் பகுதியிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் முதலில் தோன்றி, இயக்கத்தை ஆளும் பகுதிகளுக்குப் பின்னரே ஏறுகின்றன. வாசனை அறியும் திறன் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இந்நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. வாசனைக் குறைவு, நெடுநாள் மலச்சிக்கல், கனவில் உடலை வீசுதல் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் தனித்தனி மருத்துவரிடம் தனித்தனியாகச் சொல்லி விட்டுவிடுகிறோம்.

இனி நாட்டம் வற்றிய காலத்துக்கு வருகிறேன். அப்பச்சி வாழ்நாள் முழுவதும் கணக்கோடு வாழ்ந்தவர். காலையில் குளித்து, திருநீறு இட்டு, கணக்குப்பெட்டியைத் திறந்து முதல் நாள் வரவுசெலவை எழுதினால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். அந்தப் பெட்டி மூடியே கிடந்தது. பிள்ளையார்பட்டிக்குப் போகலாமா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார், பார்க்கவே மாட்டார். பேரப்பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால் வாசலுக்கு எழுந்து வருபவர், இருந்த நாற்காலியிலேயே இருந்தார். மனது விட்டுப்போயிற்று என்று சிலரும், இருக்கிறவரை செய்துவைக்க ஆளிருப்பதால் வந்த சோம்பல் என்று சிலரும் சொன்னார்கள்.

இரண்டுமே பொருந்தவில்லை என்பதற்கு ஒரு சான்று எங்கள் சமையலறையிலேயே இருந்தது. வெள்ளைப் பணியாரம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் தட்டில் வைத்துக் கையருகே நீட்டினால், மிளகாய்த் துவையலைத் தொட்டுச் சுவைத்து உண்டு, இன்னொன்றும் வாங்கிக்கொள்வார். அழுகை இல்லை, குற்றவுணர்வு இல்லை, சாவைப் பற்றிய பேச்சு இல்லை. சுவைக்கும் ஆற்றல் முழுமையாக இருந்தது. அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. எலிகளின் மூளையில், நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட்டபோது, அவை கண்ணெதிரே இருக்கும் உணவை நாடிப் போகாமல் பட்டினி கிடந்தன. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டால், நல்ல எலி எப்படி உதட்டை நக்கிச் சுவைக்குமோ அப்படியே அவையும் சுவைத்தன. இன்புறுவதற்கு மூளையில் ஒரு வழியும், நாடிச் செல்வதற்கு வேறொரு வழியும் இருக்கின்றன. டோபமைன் பெரிதும் இரண்டாவது வழிக்கு உரியது. பார்க்கின்சன் நோயில் நடுமூளையிலுள்ள, கருநிறம் படிந்த சப்ஸ்டன்ஷியா நைக்ரா என்னும் பகுதியின் டோபமைன் செல்கள் மடிகின்றன. நடுக்கமும் விறைப்பும் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அவற்றில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். அதை ஒட்டியே, உந்துதலுக்கு உரிய பாதையிலும் வறட்சி ஏற்படுகிறது. இந்நோயாளிகளில் பத்தில் நால்வர் அளவுக்கு இந்த நாட்டமின்மை காணப்படுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. மனச்சோர்வும் இந்நோயில் பரவலாக வருவதுதான். அது வேறு, இது வேறு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம். துயரம், நம்பிக்கையிழப்பு, தூக்கக்கேடு ஆகியவை உள்ளனவா என்று மருத்துவர் தனியே கேட்டறிந்து பிரித்துக் காண வேண்டும், ஏனெனில் சிகிச்சை வேறுபடுகிறது.

இதை அறிந்தபின் நாங்கள் செய்த முதல் மாற்றம், அவரிடம் கேள்வி கேட்பதைக் குறைத்ததுதான். "குளிக்கிறீர்களா அப்பச்சி?" என்ற கேள்விக்கு விடை சொல்ல, அவருக்குள் எது குறைந்திருக்கிறதோ அதுவே தேவைப்படுகிறது. அதனால் வெந்நீரை விளாவி வைத்து, துண்டைக் கையில் கொடுத்து, "வாங்க அப்பச்சி, நீர் ஆறுது" என்று உடன் நடக்கத் தொடங்கினோம். தொடக்கத்தை வெளியிலிருந்து நாங்கள் கொடுத்தால், தொடர்ச்சியை அவரே பார்த்துக்கொண்டார். கணக்குப்பெட்டியைக் காலை உணவுக்குப் பின் நானே திறந்து, பேனாவை விரல்களுக்கிடையே வைத்து, பால்காரருக்குக் கொடுத்த தொகையை வாய்விட்டுச் சொல்வேன், அவர் எழுதுவார். அடுத்த வரியை அவரே கேட்பார். எழுத்து நுணுகிச் சிறுத்திருந்தது, அதுவும் நோயின் ஒரு கூறு. நேரம் மாறாமல் இருப்பதும் உதவியது: எந்த வேலையையும் "எப்போதாவது" என்று விடாமல், ஒரு மணிக்கோ ஓர் உணவுக்கோ கட்டிவைத்தோம். அவர் மறுத்தால் வற்புறுத்துவதில்லை. சிறிது நேரம் கழித்து அதே பொருளை மீண்டும் கையருகே கொண்டுபோவோம்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சின்னவள் ஒருநாள் என்னிடம் வந்து, தன் தாத்தாவைப் பற்றி, "ஐயா எம்மேல கோவமா இருக்காக" என்றாள். அவர் கோபமாக இல்லை. மகிழ்ச்சி வந்தவுடன் தானே மலரும் முகம் இந்நோயில் அசைவிழந்து போகிறது. நினைத்துச் சிரிக்கும் சிரிப்பு ஓரளவு மிஞ்சுகிறது, தானாக வரும் சிரிப்பே பெரிதும் குறைகிறது, ஏனெனில் அந்தத் தன்னியல்பான அசைவுகளை ஓட்டுவதும் அதே டோபமைன் பாதைகள்தாம். உள்ளே உணர்ச்சி இருக்கிறது, வெளியே அதன் அடையாளம் இல்லை. மனிதர்கள் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்தே அன்பையும் வெறுப்பையும் கணிக்கிறோம் என்பதால், இந்த ஒரு குறை குடும்ப உறவுகளில் செய்யும் சேதம் நடுக்கத்தைவிடப் பெரிது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தோம்: ஐயாவின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாதே, வாய்விட்டுக் கேள். அப்பச்சியிடமும், மகிழ்ச்சியாக இருந்தால் அதைச் சொல்லாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டோம். வாழ்நாளில் அப்படிச் சொல்லிப் பழகாத தலைமுறை அவர்; ஆயினும் இப்போது சொல்கிறார்.

மருந்தின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 1931இல் எழுதினார்கள். அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957இல் அதே ரெசர்பினை முயல்களுக்குச் செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு, மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. டோபமைன் தன்னளவிலேயே மூளையின் செய்திப்பொருள் என்பது இவ்வாறு நிலைபெற்றது. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் கார்ல்சனுக்குப் பங்கு கிடைத்தது. இடையில், வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை 1960இல் கண்டறிந்து காட்டினார். அப்பச்சி இன்றும் உட்கொள்ளும் முதன்மை மருந்து, மூளையை அடையுமுன் அது வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவுடன் சேர்த்த அந்த லெவோடோபாதான். நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் லெவோடோபா உண்டு. அதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர் விதைப்பொடி கொண்டுவந்து கொடுத்தார். அதில் மருந்தின் அளவு கைக்குக் கை மாறக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் மிகுந்துவிடும் என்பதால் மருத்துவரைக் கேட்டு, பயன்படுத்தாமல் வைத்துவிட்டோம்.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் வாயில்களில், உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்களோடு அது போட்டியிட வேண்டியிருக்கிறது. புரதம் நிறைந்த கறிக்குச் செட்டிநாட்டு வீட்டில் எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் கோழி வறுவலும் நண்பகல் இலையில் இருந்த நாட்களில், பிற்பகல் மாத்திரை வேலையே செய்யாததுபோல் அவர் விறைத்து அமர்ந்திருப்பார். மருத்துவரின் ஒப்புதலோடு, மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகவோ ஒரு மணி நேரம் கழித்தோ கொடுக்கத் தொடங்கினோம். கறி, முட்டை, பருப்பின் பெரும்பகுதியை இரவு உணவுக்குத் தள்ளினோம். புரதத்தை நிறுத்தவில்லை, நிறுத்தினால் உடல் தேய்ந்துவிடும். நேரத்தை மட்டுமே மாற்றினோம். அதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது.

சில காலம் கழித்து லெவோடோபாவோடு பிராமிபெக்சோல் என்ற மாத்திரையும் சேர்ந்தது. இது டோபமைனைப்போலவே நடித்து, செல்களில் டோபமைன் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. விறைப்பு தளர்ந்தது; பேச்சில் தெளிவு கூடியது; தாமாகவே எழுந்து திண்ணைக்கு வந்தார். வீடே மகிழ்ந்தது. சில மாதங்களில் அவர் காரைக்குடிக்குப் போகத் தொடங்கினார். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை அறிந்தவர்களுக்கு அங்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்: பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள், பர்மாவின் அரக்குப் பாத்திரங்கள், சுவர்க் கடிகாரங்கள், ரவிவர்மா படங்களின் அச்சுகள். முதலில் ஒரு தூக்கு வந்தது. பிறகு வாரந்தோறும் வந்தன. பிறகு, நாங்கள் உறங்கியபின் இரவில் கைப்பேசியில் படங்கள் பார்த்து விலைபேசிய பொருட்கள் வண்டியில் வந்து இறங்கின. சிக்கனமே வாழ்வாக இருந்த ஒருவர், வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்திருந்தார்.

என் கவனத்தை ஈர்த்தது அவர் வாங்கிய பொருட்களைவிட, வாங்கியபின் அவற்றுக்கு நேர்ந்த கதிதான். சணலும் செய்தித்தாளும் சுற்றியபடி அவை வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் அடுக்கப்பட்டன. ஒன்றையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பேரம் பேசும்போது ஒளிர்ந்த கண்கள், பொருள் வீட்டுக்கு வந்ததும் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்பு பணியாரத்தைத் தேடாமல் சுவைத்த அதே மனிதர், இப்போது சுவைக்காமலேயே தேடிக்கொண்டிருந்தார்.

நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களைப் பதிவுசெய்து கண்டது இங்கே பொருந்துகிறது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் காட்டிப் பழக்கியபின், துடிப்பு அடையாளத்துக்கு மாறிவிட்டது. எதிர்பார்த்தபடி வந்த சாற்றுக்குத் துடிப்பில்லை. வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே அந்தச் செல்கள் அளக்கின்றன. பழம்பொருள் கடை என்பது அடுத்த அலமாரியில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத இடம். உந்துதல் பாதை தூண்டப்பட்ட ஒருவரை அது விடாமல் இழுப்பதில் வியப்பில்லை. பிராமிபெக்சோல் நாடிச் சேரும் டி3 என்ற ஏற்பிவகை, மூளையில் இயக்கப் பகுதியைவிட உந்துதல் பகுதியில் மிகுதியாக உள்ளது. மேலும், நோய் இயக்கப் பகுதியை வறளவைத்த அளவுக்கு உந்துதல் பகுதியை எல்லோரிடமும் வறளவைப்பதில்லை. கையசைவுக்குப் போதுமான மருந்து ஆசைக்கு மிகையாகிவிடக்கூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரை உண்போரில் 17.1 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், கட்டற்ற வாங்கல், கட்டற்ற உணவு, கட்டற்ற பாலுணர்வு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது, உண்ணாதோரில் 6.9 விழுக்காடு. இது அரிதான பக்கவிளைவு என்று ஒதுக்கக்கூடிய எண்ணிக்கை இல்லை.

பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், வயதான காலத்தில் புத்தி தடுமாறிவிட்டது, சொத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார். நான் மறுத்தேன். மாத்திரை தொடங்கிய நாளையும் வாங்கல் தொடங்கிய நாளையும் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து ஒரே தாளில் எழுதி, அப்பச்சியையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். அந்தத் தாளைப் பார்த்ததும் மருத்துவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபாவின் அளவைச் சரிசெய்தார். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது: இவ்வகை மாத்திரையைக் குடும்பத்தார் தாமாக, திடீரென நிறுத்தவே கூடாது. கடும் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு, உடல்வலி ஆகியவை கூடிய விலக்கநிலை வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறைத்தபோதே சில வாரங்கள் அப்பச்சி மிகவும் எரிச்சலாகவும் வெறுமையாகவும் இருந்தார். பிறகு வாங்கும் வேகம் தணிந்தது. காரைக்குடிக்குப் போகும் ஆசை இருந்தது; போனால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

பணத்தைப் பாதுகாப்பதையும் மானத்தைப் பாதுகாப்பதையும் ஒன்றாகவே செய்ய வேண்டியிருந்தது. பெரிய வைப்புத்தொகைகளை இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று அவருடைய இசைவோடு மாற்றினோம். கைப்பேசிப் பணச்செயலியின் நாள்வரம்பைக் குறைத்தோம். அன்றாடக் கைச்செலவுக்கான பணத்தை அவர் கையிலேயே விட்டோம். கடைக்காரர்களிடம் நான் நேரில் சென்று, நோயின் பெயரை விரித்துரைக்காமல், இனிப் பெரிய தொகைக்குப் பொருள் கொடுக்குமுன் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், மறுப்பின்றி ஏற்றார்கள். அப்பச்சியிடம் இதைப் பேசத் தேர்ந்தெடுத்த நேரமும் முக்கியம். காலை மாத்திரை நன்றாக வேலைசெய்யும் வேளையில், ஆத்தாவும் நானும் மட்டும் உட்கார்ந்து, இது அவருடைய குணக்கேடு இல்லை, மாத்திரையின் விளைவு என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லித் தொடங்கினோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கே தெரிஞ்சுதான் இருந்துச்சு தம்பி, நிப்பாட்ட முடியல" என்றார். இந்நிலையில் பெரும்பாலோர் மறைப்பது வெட்கத்தால்தான் என்பதால், முதல் பேச்சில் வெட்கத்தைக் கூட்டினால் அடுத்த தகவல் நமக்கு வராது.

அச்சமும் இதே தன்மையுடையது. காலை 7 மணிக்குக் கொடுத்த மாத்திரை பத்தரை மணி வாக்கில் வடியத் தொடங்கும். லெவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகிறது. அந்த வேளையில் அப்பச்சிக்கு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற எண்ணம் வரும். எண்ணம் வந்தபின் அதற்கொரு காரணத்தைத் தேடுவார்: சென்னையிலுள்ள என் தங்கை ஏன் இன்னும் அழைக்கவில்லை, கதவைப் பூட்டினோமா, வரி கட்டினோமா என்று. உடலின் கலக்கம் முன்னே செல்ல, அதை உணர்வதே உணர்ச்சி என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதினார். உடலியலாளர் வால்டர் கேனன் அதை மறுத்து, மூளையின் பங்கை முன்னிறுத்தினார். அறிவியலில் அந்த விவாதம் நெடிது. எங்கள் வீட்டின் பத்தரை மணி அச்சத்தைப் பொறுத்தவரை, ஜேம்ஸ் சொன்ன வரிசையே சரியாக இருந்தது, ஏனெனில் அடுத்த மாத்திரை வேலைசெய்ததும், தங்கை அழைக்காமலேயே அச்சம் கரைந்தது. முதலில் இதயத்தைப் பரிசோதித்து, இ.சி.ஜி. எடுத்து, அங்கே குறையில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். படபடப்பை எடுத்தவுடன் பார்க்கின்சன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிறகு, மாத்திரை நேரம், அச்சம் தொடங்கிய நேரம், தணிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக் காட்டியதில், மருத்துவர் மாத்திரைகளின் இடைவெளியைக் குறுக்கினார். வடியும் வேளையில் அவரோடு வாதாடுவதை நிறுத்தினோம். கதவு பூட்டியிருக்கிறது என்று பத்துமுறை சொல்வதைவிட, அருகில் அமர்ந்து, மூச்சை மெதுவாக வெளிவிடச் சொல்லி, "மாத்திரை இன்னும் கொஞ்ச நேரத்துல பிடிச்சிரும் அப்பச்சி" என்று சொல்வது பலனளித்தது. குளியல், பயணம், பணப்பேச்சு எல்லாம் மருந்து நிறைந்திருக்கும் வேளைக்கு மாறின.

பதற்றம் நடையையும் கட்டிப்போடும். எங்கள் வீடு முகப்பிலிருந்து வளவு என்னும் முற்றப்பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் நிலைவாசல்களைக் கொண்டது. ஒவ்வொரு நிலையின் முன்னும் அவர் கால்கள் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். பின்னாலிருந்து யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். ஒடுங்கிய வாயிலும், திரும்புதலும், அவசரமும் இந்த உறைதலைத் தூண்டுபவை. ஆனால் குறுக்குக்கோடு ஒன்றைக் கண்ணால் பார்த்து அதைத் தாண்டச் சொன்னால், தன்னியல்பாக நடையைத் தொடங்கும் பழுதான பாதையை விடுத்து, பார்வை வழியே மூளை வேறொரு பாதையைப் பயன்படுத்துகிறது. ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டன் மருத்துவர் 1967இல் இதை விரிவாக எழுதினார். எங்கள் தரை ஆத்தங்குடிப் பூக்கல். நடுவிலுள்ள அடர்ந்த பூவேலை அவரைத் தடுமாறச் செய்தது. ஓரத்திலுள்ள சிவப்பும் கறுப்புமான கரைக்கோடு உதவியது. அதைக் கண்டு, ஒவ்வொரு நிலைக்கு முன்னும் நிறம் எடுப்பாகத் தெரியும் நாடாக்களைக் குறுக்கே ஒட்டினோம். ஓசையும் உதவுகிறது. தைமாதம் நகரத்தார் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பலமுறை நடந்து சென்றவர் அவர். "வேல் வேல்" என்று நாங்கள் சீராகச் சொன்னால், அந்தத் தாளத்துக்கு முதல் அடி எழும்பிவிடுகிறது. சீரான தாள ஒலி இந்நோயாளிகளின் நடையைச் சீராக்குவதை 1990கள் முதல் ஆய்வுகள் காட்டிவருகின்றன.

எழுந்து நிற்கும்போது வரும் தலைசுற்றலையும் உணர்ச்சியாகப் பிழையாகக் கொள்ள வாய்ப்புண்டு. நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தில் மேல் அழுத்தம் 20 மி.மீ. அளவோ கீழ் அழுத்தம் 10 மி.மீ. அளவோ இறங்கினால், உடலின் தன்னியக்க நரம்புகள் இரத்தக்குழாய்களை உரிய நேரத்தில் இறுக்கத் தவறுகின்றன என்று பொருள். இந்நோயில், இரத்தக்குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் என்னும் பொருளை வெளிவிடும் நரம்புகளும் அழிவதால் இது நேர்கிறது. மருந்தும் இதை மிகுவிக்கலாம். திருமண வீட்டில் முழு விருந்து உண்டபின் எழுந்தால் அது கூடுதலாகும், ஏனெனில் இரத்தம் குடலை நோக்கித் திரும்பியிருக்கும். படுக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்தபின் எழுவது, எழுமுன் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் குடிப்பது, உணவைச் சிறுசிறு வேளைகளாகப் பிரிப்பது ஆகியவை எங்களுக்குப் பயன்பட்டன. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும் உப்பையும் மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் நாங்கள் கொண்டுபோகும் குறிப்பேட்டில், மாத்திரை நேரங்களும் வடியும் வேளைகளும் படுத்தும் நின்றும் எடுத்த அழுத்தமும் இருப்பதோடு, தூக்கம், நாட்டம், செலவு என்று மூன்று பத்திகள் தனியே உண்டு. கட்டற்ற வாங்கல் மாத்திரை தொடங்கிய மறுநாளே வருவதில்லை. மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூடக் கழித்து வரலாம். ஆகவே அந்தப் பத்தியை நாங்கள் மூடவில்லை. டோபமைன் ஏற்பியைத் தூண்டும் மாத்திரை ஒருவருக்கு எழுதப்படும்போது, முன்பு சூதாட்டமோ மதுவோ பழக்கமாக இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை என்ன செய்யக்கூடும் என்பதை நோயாளியும், வீட்டில் இன்னொருவரும், முதல் நாளே அறிந்திருக்கட்டும். அப்பச்சி இதைத் தம் தம்பியிடம் தாமே விளக்கிச் சொன்னார். மருந்து தொடரும் காலமெல்லாம் தம் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்திகள் என் தங்கையின் கைப்பேசிக்கும் வந்துகொண்டிருக்கட்டும் என்று கேட்டவரும் அவரேதான்.